பெரியத்தைக்குத் தினம் இரண்டு லிட்டர்

மார்ச் 2

மாமா,

என்னைப் பற்றி நீங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீட்டி முழக்க நேரமில்லை. ஆம்புலன்ஸ் கீழே நிற்கிறது.

உங்கள் மகளைத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, மனசு பதறுகிற செய்தி எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரு ஆக்டோபஸ் இருக்கிறது. பயப்படாதீர்கள், கண்ணாடித் தொட்டிக்குள்தான். எட்டு மாதம் முன்னால் ஒரு கப்பலின் அடியில் நான் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தபோது, உடைந்த பானைக்குள் கட்டைவிரல் அளவில் உட்கார்ந்திருந்தது. பானையோடு கொண்டுவந்தேன். அன்றிலிருந்து உங்கள் மகள்தான் வளர்க்கிறாள். பெயர் பெரியத்தை. உங்கள் அக்காவின் நினைவாக வைத்தாளாம். அவர் திரைச்சீலை ஓரத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் எல்லோரையும் வேவு பார்ப்பாராமே.

"யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்டதான். எழுதி வச்சதை எழுதி வச்சபடி செய்யற ஒரே ஆள் உலகத்துலயே அவர்தான்."

"மூணு வருஷமா நம்ம வீட்டுப் படி ஏறாதவர் ஏறுவாரா?"

"ஏறுவார். ஆனா எண்ணிக்கிட்டே ஏறுவார்."

ஒன்பது பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். என் போன் அவள் தலையணைப் பக்கத்தில்தான் இருக்கும், அதில் கூப்பிட வேண்டாம். உங்கள் காது மெஷினும் போனும் ஒத்துப்போகாது என்றாள். விடுதி முகவரி பின்னால் இருக்கிறது. கடிதம் போடுங்கள். நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அதனால் நல்லதாக எழுதுங்கள்.

உங்களைக் கேட்கச் சொன்னது நான் இல்லை. அவள்.



தாள் 1/2
மார்ச் 5

மாப்பிள்ளைக்கு,

படிகள் இருபத்திரண்டு. மகளிடம் சொல்லுங்கள்.

சாவியைத் தந்த கீழ் வீட்டுத் தையற்காரர், "மேல ஒரு அம்மா இருக்காங்க, பாத்துப் போங்க" என்று சிரிக்காமல் சொல்லி அனுப்பினார். கதவைத் திறந்த பிறகு சிறிது நேரம் வாசலிலேயே நின்றேன். வீட்டுக்காரர்கள் இல்லாத வீட்டில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கதவுக்கு எந்தப் பக்கம் விடுவது என்றுகூடத் தெரியாமல், கடைசியில் ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

கூடத்தில் பாதியைத் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. மூடியின்மேல் நான்கு செங்கற்கள். முதலில் கல்லும் மணலும் பானையும்தான் தெரிந்தன. ஒன்பது பக்கங்களையும் இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தபோது, பானையின் விளிம்புக்கு மேல் ஒரு கண். அக்காவேதான். எதைத் தொடலாம் என்று வந்திருக்கிறாய் என்று கேட்பதுபோல ஒரு பார்வை. எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் வணக்கம் சொன்னேன். உடனே உடல் முழுவதும் செங்கல் நிறமாகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் பார்த்தேன். செங்கல் நிறம் என்றால் கோபம் அல்லது ஆர்வம் என்று இருக்கிறது. எது என்று எப்படிப் பிரித்தறிவது என்பது இல்லை.

சாப்பாட்டுக்கென்று பக்கத்தில் எழுதியிருந்த நண்டைப் பிளாஸ்டிக் இடுக்கியால் நீட்டினேன். இடுக்கியையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். நாற்பது நிமிடம் கழித்து நண்டின் ஓடு மட்டும் வெளியே வந்தது. இடுக்கி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால் தினம் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. மூலையில் இருந்த கேனிலிருந்து அளந்து ஊற்றினேன். பெரியத்தையின் மூச்சு நிமிடத்துக்கு இருபத்தாறு. எண்ணச் சொல்லவில்லை. எண்ணினேன்.

தாள் 2/2

இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். படித்துக் காட்டக்கூடியதை முதல் தாளில் முடித்துக்கொண்டு, மற்றதை அடுத்த தாளில் எழுதலாம் என்று நினைக்கிறேன். இது சரியான ஏற்பாடுதானா என்று தெரியவில்லை. தவறென்றால் சொல்லுங்கள்.

அவள் எப்படி இருக்கிறாள்? உண்மையாக.

நான் முப்பத்துநான்கு வருடம் ரயில் கால அட்டவணைக்குப் பிழை திருத்தியவன். உயிருள்ள எதையும் பார்த்துக்கொண்ட பழக்கம் எனக்கு இல்லை. என் மகளையே மறைந்த அவள் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். நான் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் முதல் வரியில் குறிப்பிட்ட கடிதத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். திரும்பப் படித்தபோது சமாதானம் சொல்வதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். இன்னொரு நாள் எழுதுகிறேன்.



மார்ச் 9

மாமா,

இரண்டு தாள் ஏற்பாடு நல்லதுதான். முதல் தாளைக் கட்டிலோரம் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவதை மாடிப்படியில். செருப்பைப் பையில் போட்டுக்கொண்ட இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தார்.

இடுக்கியைக் கேட்டு வாங்க முடியாது. பெரியத்தையிடம் பண்டமாற்றுதான். வேறு ஏதாவது கொடுத்தால் ஒருவேளை தருவாள்.

உண்மையாகக் கேட்டீர்கள். ரத்த அழுத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. ஏறும்போது எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பெரியத்தை சாப்பிட்டாளா?" டாக்டரம்மா யாரோ சொந்தக்காரக் கிழவி என்று நினைத்துக்கொண்டு, "வயசானவங்க கொஞ்சமாத்தான் சாப்பிடுவாங்கம்மா, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். நாங்கள் திருத்தவில்லை.

ஆனால் ஒன்று, மாமா. அந்த ஆக்டோபஸுக்கு ஏதாவது ஆனால் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நாற்பது அடி ஆழத்துக்குக் கண் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவன் சொல்கிறேன்.

நீங்கள் கிழித்த பத்தியைப் பற்றி. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் மேஸ்திரிக்கு நீங்கள் எழுதியது பன்னிரண்டு கேள்வி. வரிசை எண் போட்டு. 'நான்கு: குடிப்பழக்கம் உண்டா? ஏழு: சொன்ன நேரத்துக்கு வருபவரா?' மேஸ்திரி அதைப் படகில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். ஒரு வருஷம் என் பெயரே 'ஏழாம் கேள்வி'. நீங்கள் கேட்டதுகூடப் பரவாயில்லை, பதில் என்ன வந்தாலும் எனக்குப் பெண் கொடுக்க உங்களுக்கு மனசில்லை, மகள் பிடிவாதத்துக்காகத்தான் தலையாட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு வாசலில், "விசாரிச்சு முடிச்சிருந்தா உள்ள வரட்டும்" என்று உங்கள் காதுபடச் சொன்னேன். நீங்கள் பையோடு திரும்பிப் போய்விட்டீர்கள்.

சொன்னது தப்பு என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. ஆனால் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.



தாள் 1/2
மார்ச் 13

மாப்பிள்ளைக்கு,

பண்டமாற்றுக்கு முயன்றேன். என் பேனாவைக் கொடுத்தேன். பேனாவையும் வைத்துக்கொண்டாள். ஆகவே இது பென்சிலில் எழுதப்படுகிறது.

நேற்று மூடியைத் திறந்து உப்பின் அளவைப் பார்க்கக் குனிந்தபோது, என் மூக்குக் கண்ணாடிமேல் குறி பார்த்து ஒரு பீய்ச்சு. துடைத்துப் போட்டதும் இன்னொன்று. அக்காவும் இப்படித்தான், நான் படிக்க உட்கார்ந்தால் பொறுக்காது. ஏழாம் பக்கத்தில் உள்ளபடி நண்டை மூடி திருகிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். மூன்று நிமிடம் பத்து வினாடியில் திறந்துவிட்டாள். வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் எடுத்துக்கொண்டு போகிறவன்.

மூச்சு இருபத்தாறு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு நண்டு. எல்லாம் ஒழுங்கு.

தாள் 2/2

கேன் தண்ணீர் ஒன்பதாம் தேதியோடு தீர்ந்துவிட்டது. இதை முதல் தாளில் எழுதினால், குறைவாக வைத்துவிட்டு வந்தோமே என்று அவள் வருந்துவாள். 'கேன் தீர்ந்தால் சுத்தமான தண்ணீர்' என்றுதான் எழுதியிருக்கிறாள். கடைத் தண்ணீரை நான் முழுதாக நம்புவதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சூட்டோடு என் கூஜாவில் ஊற்றி மூடி, இரவு முழுவதும் ஆறவிட்டு எடுத்து வருகிறேன். ஓய்வு பெற்ற நாளில் அச்சகத்தில் கொடுத்த தாமிரக் கூஜா. சரியாக இரண்டு லிட்டர் பிடிக்கும். தாமிரத்தில் இருந்த தண்ணீரைப்போலச் சுத்தமானது கிடையாது என்று கேட்டிருக்கிறேன்.

உங்கள் வார்த்தைகளைப் படித்தேன். மேஸ்திரி எல்லோர் முன்னாலும் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் எழுத ஒன்று இருக்கிறது. அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.



தாள் 1/5
மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

பெரியத்தை நலம். வெயில் மிதமாக இருக்கிறது. தையற்காரர் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

தாள் 2/5

மேலே எழுதியது பொய்.

பதினைந்தாம் தேதி நண்டைத் தொடவில்லை. பதினாறாம் தேதி பகலிலேயே பானையை விட்டு வெளியே வந்து மூலையில் கிடந்தாள். நிறம் போய்விட்டது. செங்கல் நிறமும் இல்லை, மணல் நிறமும் இல்லை, கஞ்சித் தண்ணீரைப்போல ஒரு வெளுப்பு. மூச்சு நாற்பத்தொன்று. பதினேழு காலையில் ஐம்பத்துநான்கு. கண்ணாடியில் ஒட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன.

அட்டவணையில் பிழை எங்கே என்று தெரியாதபோது நாங்கள் கடைசி வரியிலிருந்து தலைகீழாகப் படிப்போம். நேராகப் படித்தால் கண் தனக்குத் தெரிந்ததையே படித்துக்கொண்டு போகும். ஒன்பது பக்கங்களையும் அப்படிப் படித்தேன். நான் செய்யாமல் விட்டது ஒன்றும் இல்லை. பிறகு அந்த நீரில் பட்ட பொருட்களைக் கடைசியிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். நண்டு வந்த பை. உப்பு பார்க்கும் குழாய். என் கூஜா.

தாள் 3/5

ஏதாவது மருந்து இருக்குமோ என்று தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்தேன். மீன்களுக்கு நோய் வந்தால் போடும் மருந்து ஒரு பாட்டில். அதன்மேல் உங்கள் மனைவியின் கையெழுத்தில் சிவப்பு மையில்: 'பெரியத்தை தொட்டியில் ஒரு சொட்டுகூடக் கூடாது. செத்துப்போவாள்.' அதில் என்ன கலந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தாமிரம்.

கூஜா என் முன்னால் இருந்தது. அதன் வயிற்றில் பொறித்திருக்கிறது: 'பிழையற்ற முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு நன்றியுடன்.'

எட்டு நாள் நான் அவளுக்கு விஷம் ஊற்றியிருக்கிறேன். அளந்து ஊற்றியிருக்கிறேன்.

போன் போட்டுத் தருகிறேன் என்றார் தையற்காரர். எடுப்பது நீங்களாக இல்லாமல் அவளாக இருந்துவிட்டால்? வேண்டாம் என்றேன். ஆறாம் பக்கத்தில், தொட்டி நீரில் கோளாறு என்றால் பாதி நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீர் மாற்ற வேண்டும், கரையோர நீர் உதவாது, ஆழ்கடல் நீர் வேண்டும் என்று இருக்கிறது. 'அவர் படகிலிருந்து கொண்டுவருவார்' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள். அவர் என்றால் நீங்கள். நீங்கள் இல்லை. படகு இருக்கிறது. படகில் உங்கள் மேஸ்திரி இருக்கிறார்.

தாள் 4/5

துறைமுகத்துக்குப் போனேன். மூன்று முறை வாயில்வரை போய்த் திரும்பினேன். நான்காவது முறை காவலாளியே, "உள்ள போறீங்களா, இல்ல நடைப்பயிற்சியா?" என்று கேட்டுவிட்டார்.

மேஸ்திரி ரப்பர் உடையை இடுப்புவரை கழற்றிவிட்டுக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னேன். கயிற்றைக் கீழே வைத்தார்.

"அடடே! கேள்வித்தாள் ஐயா! இந்தத் தடவை யாரை விசாரிக்க வந்திருக்கீங்க?"

படகில் இருந்த நான்கு பேரும் திரும்பினார்கள்.

"தண்ணீர் வேண்டும்" என்றேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"கடலுக்கு வந்து தண்ணி கேக்கறீங்களே. வாங்க, எவ்வளவு வேணும்னாலும் மொண்டுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கூஜா உட்பட. கூஜா என்று வந்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"தாமிரமா? ஐயய்யோ. பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக் கூடாது."

"உங்க மாப்பிள்ளைக்கு?"

"எழுத வேண்டும்."

"அப்ப பதிமூணாவது கேள்வியை நான் கேக்கறேன். செஞ்ச தப்பை ஒத்துக்கிற ஆளா நீங்க?"

"இன்றைக்குத்தான் பழகுகிறேன்" என்றேன்.

அவர் மோட்டாரைக் கிளப்பினார்.

தாள் 5/5

நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்கள். அவரும் இரண்டு ஆட்களும் இருபத்திரண்டு படி சுமந்து வந்தார்கள். பதினேழாம் தேதி மாலை பாதி நீர். பதினெட்டு மாலை மறுபடியும் பாதி. நீரில் உள்ள நஞ்சை உறிஞ்சுமாம், ஒரு துணிப்பையில் கரி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் மேஸ்திரி. நானும் வாளி தூக்கினேன். அவசரத்தில் செருப்போடு உள்ளே ஓடியிருக்கிறேன், கூடத்தில் தடம் இருக்கிறது. துடைத்துவிடுகிறேன்.

இன்று காலை மூச்சு நாற்பத்தேழு. இறங்கியிருக்கிறது. ஆனால் சாப்பிடவில்லை. பானைக்குள்ளும் போகவில்லை. நான் தொட்டி எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

அவள் பிழைக்காவிட்டால், குழந்தை பிறக்கும்வரை முதல் தாளில் அவள் நலமாகவே இருப்பாள். அந்தப் பொய்யை நான் எழுதுவேன், நீங்கள் படித்துக் காட்டினால் போதும். பிறகு உண்மையை நானே நேரில் வந்து சொல்கிறேன். உங்கள்மேல் பழி வராது.



மார்ச் 23

மாமா,

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: அவளுக்கு எல்லாம் தெரியும். அழுத்தம் ஏறவில்லை. இனி மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் ஐந்து தாளையும் மாடிப்படியில் படித்தேன். முதல் எட்டுப் படி உங்கள்மேல் கோபம். அப்புறம் பதின்மூன்றாம் தேதி கடிதம் ஞாபகம் வந்தது. தாமிரக் கூஜா என்று நீங்கள் எழுதியதை நானும்தான் படித்தேன். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்கத் தாமிரம் கலந்த பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்த உயிர்களுக்கு அது ஆகாது என்பதால்தான். தினமும் மூக்குக்கு நேராக அந்தப் பெயிண்டைப் பார்க்கிறவன் நான். எனக்கு உறைக்கவில்லை. கோபம் அத்தோடு போய்விட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முதல் தாளைப் படித்தேன். மூன்று வரி. முடித்ததும் அவள் கையை நீட்டினாள்.

"மத்த நாலு எங்க?"

"எந்த நாலு?"

"மேல பாருங்க. ஒண்ணின் கீழ் அஞ்சு."

மாமா, நீங்கள் முதல் கடிதத்திலிருந்து 1/2 என்று போட்டுத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். நான் ஒருநாளும் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள்.

"ஏன் கேக்கல?" என்றேன்.

"மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசாத ரெண்டு பேர் எனக்குத் தெரியாம கடுதாசி எழுதிக்கறாங்க. நடுவுல பூந்து அதைக் கெடுப்பேனா? ஒண்ணின் கீழ் ரெண்டு வரைக்கும் விட்டேன். அஞ்சுன்னா ஏதோ விபரீதம். குடுங்க."

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர், "மறைச்சா இன்னும் ஏறும், குடுத்துடுங்க" என்று ரத்த அழுத்த மெஷினை அவள் கையில் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். நான்கு தாளையும் படித்தாள். தாமிரம் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். "கேள்வித்தாள் ஐயா" வந்த இடத்தில் சிரித்தாள். முடித்துவிட்டு அழுதாள், ஆனால் அது வேறு மாதிரி அழுகை. மெஷினில் எண் அப்படியே நின்றது.

"அப்பா துறைமுகத்துக்குப் போனாரா? கடைக்குப் போய் மாத்திக் குடுங்கன்னு கேக்கக்கூட அம்மாவை அனுப்புவாரே."

அப்புறம் சொன்னாள், எழுதச் சொன்னாள்: "ஒன்பது பக்கத்துல அதை எழுத மறந்தது நான். அவ ரத்தத்துலயே தாமிரம் உண்டு, ஆனா வெளியிலிருந்து கொஞ்சம் வந்தாலும் தாங்காது. எனக்குத் தெரியுமேன்னு விட்டுட்டேன். பிழை அப்பாவோடதில்ல, மூலப் பிரதியில."

பெரியத்தை எப்படி இருக்கிறாள்? எதுவானாலும் ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் தாளில்.



தாள் 1/2
மார்ச் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மகளுக்கும்,

சாப்பிட்டுவிட்டாள்.

இருபத்துமூன்றாம் தேதி பானைக்குள் போனாள். இருபத்துநான்கு, மூச்சு முப்பத்தொன்று. நேற்று பிற்பகல் நான் முக்காலியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் டக்கென்று ஒரு சத்தம். பானை வாயிலிருந்து இடுக்கி வெளியே வந்து விழுந்திருந்தது. அதன் பின்னால் ஒரு கை, சும்மா நீட்டிக்கொண்டு. கொடு என்று கேட்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பக்க எண் தேவைப்படவில்லை. நண்டைக் கொடுத்தேன். செங்கல் நிறம் ஆனாள். கோபமா ஆர்வமா என்று நான் ஆராயவில்லை.

தையற்காரர் கீழேயிருந்து, "என்னங்க சத்தம்?" என்று கேட்டார். நான் கைதட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து பார்த்து, "கேள்வித்தாள் ஐயா பாஸு" என்றார்.

மகளே, எண் இல்லாத தாள் என் மேசையிலிருந்து போனதில்லை. ரகசியம் எழுதும்போதாவது விட்டிருக்கலாம். கை தானாகப் போட்டுவிட்டது. இம்முறை இரண்டாம் தாளும் நீ படிக்கலாம்.

தாள் 2/2

தொடங்கத் தெரியவில்லை என்றேன் அல்லவா. தொடங்குகிறேன்.

மாப்பிள்ளை, நான் கேட்ட பன்னிரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்தது. மேஸ்திரி உங்களிடம் சொல்லவில்லை என்பது துறைமுகத்தில்தான் தெரிந்தது. "அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும், தலை கனத்தா தண்ணிக்கு மேல வராது" என்றார். பதில் மூன்று வருடமாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். கறை அவருடையது, கடல்நீர். மடிப்பு தேய்ந்தது என்னால்.

'ஐயா, பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில். அவன் தண்ணீருக்குள் இருக்கும்போது அவன் மூச்சுக் குழாய் என் கையில் இருக்கும். நான் உள்ளே இருக்கும்போது என் குழாய் அவன் கையில். ஒன்பது வருஷமாக இப்படித்தான். இதைவிட நல்ல சான்று எழுத எனக்குத் தெரியாது.'

இதைப் படித்த அன்று மாலையே நான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னேன். மகள் பிடிவாதத்துக்காக இல்லை. அவள் அப்போது பிடிவாதமே பிடிக்கவில்லை, கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்டதே குற்றம் என்று ஆன பிறகு, அதற்கு வந்த பதிலை எடுத்து நீட்டினால், தவறு இரண்டாம் முறை அச்சேறும் என்று பயந்தேன். இழுப்பறையைப் பூட்டிவிட்டேன். நீங்கள் வாசலில் சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது. அதனால்தான் திரும்பிப் போனேன். கோபத்தால் இல்லை.

மன்னிக்க வேண்டும். இந்தச் சொல்லை எழுத மூன்று வருடம் ஆனது. திருத்தம் எதுவும் இல்லை.



ஏப்ரல் 8

மாமா,

பெண் குழந்தை. நேற்று காலை. இருவரும் நலம். அழுத்தம் இறங்கிவிட்டது, டாக்டரம்மா இப்போது மெதுவாக நடக்கிறார். குழந்தை பிறந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. "ஐயோ, பெரியத்தை!" என்றாள் உங்கள் மகள். டாக்டரம்மா, "அந்தப் பாட்டி சாயலா? எப்படி இருக்காங்க இப்ப?" என்று கேட்டார். "நல்லா சாப்பிடறாங்க" என்றேன்.

மேஸ்திரியின் காகிதத்தை என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிற மனுஷன். மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எனக்கு எழுத மனசு வராமல் இருந்ததை இப்போது எழுதுகிறேன். வாசலில் நான் சொன்னது தப்பு, மாமா. விசாரித்து முடிக்காமல் பேசிவிட்டேன்.

பதினைந்தாம் தேதி ரயிலில் வருகிறோம். முதல் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள், பதில் எழுத விட்டுப்போயிற்று. கதவுக்கு இடது பக்கம்.



தாள் 1/1
ஏப்ரல் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று ஒரே தாள்தான். யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். குழந்தைக்கும்.

ஒன்பது பக்கங்களுக்குப் பத்தாவதாக ஒரு பக்கம் சேர்த்து ஒட்டியிருக்கிறேன். தாமிரம், பித்தளை கூடாது என்று மட்டும் அதில் இருக்கிறது. கூஜாவைப் படகுக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கு. 'பிழையற்ற' என்ற சொல்லின் குறுக்கே மேஸ்திரி ஆணியால் ஒரு கோடு இழுத்துவிட்டார். "இப்பதான் எங்க படகுக்குப் பொருந்துது" என்றார். பிழைதிருத்துபவனாக அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன்.

இன்று இடுக்கி இல்லாமல் கையாலேயே நண்டு கொடுத்தேன். நண்டை வாங்கிக்கொண்ட பிறகும் என் விரலை விடவில்லை. பதினொரு நிமிடம். எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மணிக்கட்டுவரை சிறு வட்டங்களாகத் தடம் பதிந்திருக்கிறது. குழந்தையைத் தூக்குவதற்கு முன் கழுவிவிடுவேன். மூச்சு இருபத்தாறு. பேனா மட்டும் இன்னும் வரவில்லை.

நீங்கள் வரும் ரயில் அட்டவணையில் 4.10. நான் மூன்று மணிக்கே நிலையத்தில் இருப்பேன். அதற்கு முன் உங்கள் வீட்டைப் பெருக்கி, பெரியத்தைக்கு இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

செருப்பை இடது பக்கம் விட்டிருக்கிறேன்.